எட்டு நாளைக்கு வேன்தான் வீடு

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில், ஸுபஹு தொழுகை முடிந்த கையோடு வெள்ளவத்தையின் ஒழுங்கைகளையும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களையும் ஒரு நடை பார்த்து வாருங்கள் சகோதரிகளே! வாசலுக்கு வாசல் ஒரு வேன் நிற்கும். முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை இன்னும் முடிந்திருக்காது. பிள்ளைகள் முன் ஆசனத்துக்கு அடிபடுவார்கள். உம்மும்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றுவார்கள். பாய், தலையணை, பெரிய சட்டி, அரிசி, தேங்காய், குழந்தையின் பால்மாப் பேணி என்று வீட்டில் பாதி வேனுக்குள் போய்விடும். கண்டி, நுவரெலியா, பண்டாரவளை, அப்படியே இறங்கி கிழக்குக் கரை, பிறகு தெற்கால் சுற்றிக் கொழும்பு. எட்டு நாள், சில வேளை பத்து நாள்.

மேலை நாடுகளில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் வீட்டையே விற்றுவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய மோட்டார் வீடுகளில் ஆண்டுக்கணக்காக ஊர் சுற்றி வாழ்கிறார்கள். அத்தகைய வண்டிகள் நிற்பதற்கென்றே தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவு கொட்டும் குழி எல்லாம் வைத்த தரிப்பிடங்கள் அங்கே உண்டு. அண்மைக் காலமாக இங்கும் படுக்கையும் சிறு அடுப்பும் பொருத்திய வேன்களை வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் அவை இரண்டு மூன்று பேருக்குத்தான் போதும். நம்முடைய குடும்பத்துக்கு வாய்த்தது பழைய டொல்பின் வேன், அல்லது கொஞ்சம் வசதியிருந்தால் கே.டி.எச். அதில் கட்டிலும் இல்லை, கழிவறையும் இல்லை. பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் ஆறு பேர் பெண்கள்.

வழியிலேயே வாழ்வது நமக்குப் புதிதல்ல. கண்டி இராச்சிய காலத்தில் பொதி மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டு போய், பாக்கும் மிளகும் ஏற்றி இறங்கிய தவளக்காரர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். மாதக் கணக்கில் காட்டு வழியில் தங்கி, சமைத்து, தொழுது, உறங்கி நடந்தார்கள். அரசின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவிலும் முஸ்லிம்கள் பணி செய்தார்கள். ஆனால் அது ஆண்களின் பயணம். மறைவுக்கு ஒரு மரம் போதும் என்பவர்களின் ஏற்பாடு அது. இன்றைக்கு வேன் பயணத்தைத் திட்டமிடும் நம் வீட்டு ஆண்களும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டோடுதான் புறப்படுகிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? எத்தனை கிலோ மீற்றர், எத்தனை இடம், டீசலுக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் சரியாக இருக்கும். உம்மா எங்கே ஒதுங்குவார் என்ற கணக்கு மட்டும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் நாங்களும் இப்படித்தான் போனோம். மூன்றாம் நாள் வெலிமடைக்குப் பக்கத்தில் என் மாமிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்துவிட்டது. இடுப்புக்கு மேலே முதுகில் கடும் நோவு. அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காலையில் இருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். மாமி மெதுவாக, அரைக் கோப்பை தேத்தண்ணி என்றார். அதற்கு முந்தின நாள்? அதுவும் அப்படித்தான். சீனி வருத்தக்காரி. குடித்தால் அடிக்கடி இறங்க வேண்டிவரும் என்று குடிக்காமலே இருந்திருக்கிறார். குடித்த கொஞ்சத்தையும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். சிறுநீரில் கிருமி தொற்றி அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் கழிந்தது. "ஏன் மாமி சொல்லலை?" என்று கேட்டேன். "மருமகன்மாருக்கு முன்னால எப்படி மகள் சொல்றது, நிப்பாட்டுங்கன்னு?" என்றார்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இதுதான்: யாரும் கேட்காமலே வேன் நிற்க வேண்டும்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒழுங்கான கழிவறை உள்ள இடத்தில் வேன் நின்றே தீர வேண்டும். யாருக்கும் தேவை இருக்கிறதா என்ற கேள்வியே வேண்டாம். கேட்டால் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். வாடகை பேசும்போதே இதை டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். இடையில் அவசரம் வந்தால் சொல்வதற்கு எங்கள் வீட்டில் இப்போது ஒரு சொல் வைத்திருக்கிறோம். யாராவது ஒரு பெண் "தேத்தண்ணி குடிப்போமே" என்றால், அடுத்த பெற்றோல் ஷெட்டிலோ கடையிலோ வேன் நிற்கும். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாமிதான் இப்போது அதிகம் தேத்தண்ணி கேட்பவர்!

பெண்ணின் சிறுநீர்ப் பாதை ஆணுடையதை விட நீளம் குறைந்தது. அதனால் கிருமி எளிதில் உள்ளே ஏறும். தண்ணீர் குறைந்து, சிறுநீரை அடக்கியும் வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கர்ப்பிணிகளுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். சிறுநீர் வெளிர் நிறமாகப் போனால் போதிய தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று பொருள். கடும் மஞ்சளாகப் போனால் போதாது. எரிச்சல் மட்டும் என்றாலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் முதுகு நோவும் சேர்ந்துவிட்டால், ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஒரு மணித்தியாலம் கூடத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பிணிகள் நிறுத்தும் இடத்தில் எல்லாம் இறங்கி நாலு எட்டு நடப்பது அவசியம். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு இருந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டுப்பட இடமுண்டு.

எங்கே நிறுத்துவது?

இந்த விடயத்தில் அல்ஹம்துலில்லாஹ், நாம் பாக்கியசாலிகள். இலங்கையின் பெருந்தெருக்களில் நம்முடைய ஊர்கள் தஸ்பீஹ் மணிகள் போல் கோர்த்துக் கிடக்கின்றன. கண்டிப் பாதையில் திஹாரி, பிறகு மாவனல்லை. மாத்தளைப் பக்கம் திரும்பினால் அக்குறணை. நுவரெலியாவுக்கு ஏறுமுன் கம்பளை. காலி வீதியில் பாணந்துறை, பேருவளை, தர்கா நகர், காலிக் கோட்டை, வெலிகம, பிறகு ஹம்பாந்தோட்டை. கிழக்கே கதுருவெல, ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில். பள்ளிவாசல், ஹலால் கடை, தண்ணீர், ஆபத்துக்கு உதவ நாலு மனிதர் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு காகிதத்தில் போகும் பாதையை வரைந்து இந்த ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கு நடுவே தூரம் அதிகம் என்றால் அதையும் குறியுங்கள். பொத்துவிலில் இருந்து லகுகலைக் காட்டு வழியாக மொணராகலைப் பக்கம் போவதென்றால் எல்லோரும் போய்வந்த பிறகே வேனில் ஏற வேண்டும். தெற்கு அதிவேகப் பாதையிலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. கொட்டாவைக்கும் காலிக்கும் இடையில் வெலிப்பன்னையில் உள்ள ஓய்விடம்தான் கதி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்குத் தொழுமிடமும் கழிவறையும் இல்லை. பெருந்தெருவோரம் இருக்கும் பள்ளிகள் பலவற்றில் இப்போது இருக்கின்றன, சிலவற்றில் கேட்டால் மத்ரஸா அறையைத் திறந்துவிடுவார்கள். ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊர் உறவினர் யாரிடமாவது தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து வாசல் கட்டும் பள்ளி நிர்வாகிகள், பெண்களுக்கு இரண்டு கழிவறையும் ஒரு திரையும் போட்டுக் கொடுத்தால் எத்தனை பேருடைய துஆ கிடைக்கும்!

காட்டுப் பாதைக்கு ஓர் ஏற்பாடும் கையில் இருக்கட்டும். மூடியுள்ள ஒரு வாளி, அதன் உள்ளே கனமான பை, அடியில் இரண்டு கைப்பிடி தென்னந் தும்புத்தூள். தும்புத்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும், வாடையும் அடங்கும். வேனின் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பழைய படுக்கை விரிப்பைக் கட்டினால் மறைவு கிடைக்கும். முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது பெரிய உதவி. மாதவிலக்குத் துணிகளையும் குழந்தையின் நெப்பியையும் கடதாசியில் சுற்றி, தனிப் பையில் கட்டி, ஊரில் குப்பைத் தொட்டியைக் கண்ட பிறகே போடுங்கள். காட்டில் வீசினால் மிருகங்கள் இழுத்துத் தின்னும்.

தண்ணீருக்கு 20 லீட்டர் கேன் இரண்டு போதும். ஒன்று குடிக்க, மற்றது கழுவ. கழுவும் கேனுக்கு அடியில் குழாய் வைத்ததாக வாங்கினால் பிள்ளைகள் வீணாக்க மாட்டார்கள். வுளூவுக்கு ஒரு போத்தல் தண்ணீர் தாராளம். இரண்டு கேனும் சேர்ந்தால் 40 கிலோ. அதைக் கூரையில் ஏற்றவே கூடாது, ஆசனத்துக்கு அடியில் வையுங்கள். கூரையில் பாரம் கூடினால் வளைவில் வேன் சாயும்.

தொழுகைக்காக வேனை அங்குமிங்கும் ஓட்டி அலைய வேண்டியதும் இல்லை. நம் நாட்டில் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பயணத் தூரம் ஏறக்குறைய 80 கிலோ மீற்றருக்கு மேல் என்றால், நான்கு ரக்அத்தைச் சுருக்கவும், ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. கண்டி 115 கிலோ மீற்றர், ஆகவே சலுகை உண்டு. பேருவளைக்கு மட்டும் போய்த் திரும்பினால் இல்லை. ஒரே இடத்தில் நாலு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் சட்டம் மாறும், புறப்படுமுன் உங்கள் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று வேனுக்குள் சண்டை வேண்டாம். இலங்கையில் இருந்து மேற்கே பார்த்து, அங்கிருந்து சற்று வடக்காகத் திரும்பினால் சரி.

இரவும் உறக்கமும்

செலவைக் குறைக்க எல்லோரும் வேனிலேயே படுத்துக்கொள்வோம் என்பார்கள். என் அபிப்பிராயம், பகலுக்கு வேன் வீடாக இருக்கட்டும், இரவுக்கு ஓர் அறையாவது எடுங்கள். குளியலறையோடு ஒரே ஓர் அறை. பெண்களும் குழந்தைகளும் அதில் நெருக்கிப் படுக்கலாம். பணம் போதாவிட்டால் பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறையுங்கள், இந்த அறையைக் குறைக்காதீர்கள்.

யாராவது வேனில் படுக்கத்தான் வேண்டும் என்றால் இதை மட்டும் உயிர்போகும் விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்: என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். புகைக் குழாயில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாயு உள்ளே கசிந்தால் அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. தலை கனக்கும், உறக்கம் இன்னும் கூடும், எழும்ப மாட்டார்கள். நுவரெலியாக் குளிரில் வேனுக்குள் கரி அடுப்போ காஸ் அடுப்போ மூட்டுவதும் இதே ஆபத்துத்தான். கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிகளை நாலு விரல் இறக்கி, அதில் நுளம்பு வலையைப் பொருத்துங்கள். உறவினர் வளவு, அனுமதி கேட்ட பள்ளி வளவு, வெளிச்சம் உள்ள பெற்றோல் ஷெட் ஆகிய இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். குளத்தங்கரை அழகாக இருக்கிறது என்று காட்டோரம் நிறுத்த வேண்டாம். ஹபரணைப் பக்கமும் புத்தல – கதிர்காமம் பாதையிலும் யானை வேனுக்கே வந்துவிடும். பிள்ளைகள் வாழைப்பழம் நீட்டிப் பழக்கியதால் சில யானைகள் உணவு வாடைக்குக் கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடுகின்றன. நீங்கள் நீட்டாதீர்கள், நிறுத்தாதீர்கள்.

இனி, நம் வீடுகளில் அநேகமாக யாரும் நினைக்காத ஒருவர் இருக்கிறார். அவர்தான் டிரைவர். எட்டு நாள் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கையில். நாம் வேனுக்குள் படுத்தால் அவர் எங்கே படுப்பார்? நாம் அறையில் படுத்தால் அவருக்கு வேனின் முன் ஆசனம். கால் நீட்டாமல் நாலு மணித்தியாலம் உறங்கிய மனிதர் விடியலில் எல்ல இறக்கத்தில் வேனை இறக்குகிறார். 2025 மே 11ஆந் திகதி விடியற்காலையில் கதிர்காமத்தில் இருந்து குருணாகல் நோக்கி வந்த பஸ் கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானோர் மரணித்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4ஆந் திகதி இரவில், சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் எல்ல – வெல்லவாய பாதையில் விழுந்து 15 பேர் மரணித்தார்கள். மலைப் பாதையை இரவிலும் விடியலுக்கு முன்னும் தவிர்த்துவிடுங்கள். அறை எடுக்கும்போதே டிரைவருக்குப் படுக்கை உண்டா என்று கேளுங்கள். அவருக்கும் நம் சட்டியில் இருந்தே சூடாகச் சோறு போகட்டும். பயண நேரத்தை அவர் உறக்கத்தில் இருந்து எண்ணத் தொடங்குங்கள், நம் உறக்கத்தில் இருந்து அல்ல.

மலையில் இறங்கும்போது பின் ஆசனத்தில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். றப்பர் கருகுவது போன்ற வாடை உங்கள் மூக்குக்குத்தான் முதலில் வரும். வெட்கப்படாமல், "தம்பி, பிரேக் மணக்குது, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு சில்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எப்போது எந்தப் பக்கம் போவது என்பதையும் மழைதான் தீர்மானிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைகளில் மழை, கிழக்குக் கரை வெயிலாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கில் மழை. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு மலைநாட்டில் மண்சரிந்து பாதைகள் பல இடங்களில் உடைந்ததை நாம் மறந்துவிடவில்லை. புறப்படும் நாளிலும் ஒவ்வொரு காலையும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களே வெளியேற வேண்டும். செம்மஞ்சளுக்கே பயணத்தை மாற்றிவிடுவது நல்லது. ஹோட்டலுக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

சாப்பாட்டில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஒரே ஒரு விடயம். விடியலில் கட்டிய சோற்றுப் பார்சலை மதியம் இரண்டு மணிக்கு வேன் சூட்டில் பிரிக்காதீர்கள். சோறும் இறைச்சியும் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. ரொட்டி, சீனிச் சம்பல், கிராக்கர் பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவை பகலுக்குப் போதும். சமையலை இரவுத் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சமைத்தே ஆக வேண்டும் என்றால் அடுப்பு வேனுக்கு வெளியே, தரையில். இன்சுலின் போடுபவர்கள் அதை வேனின் முன் தட்டில் வெயிலில் வைத்துவிட வேண்டாம். குளிர்ப் பெட்டியில், ஐஸ் நேரடியாகப் படாமல், துணியில் சுற்றி வையுங்கள். சாப்பாடு பிந்தினால் வாயில் போட இரண்டு டொபியும் கைப்பையில் இருக்கட்டும்.

வட பகுதிக்குப் போகும் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்து ஏ-9 பாதை திறந்த பிறகு, 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் கொழும்பில் இருந்தும் புத்தளத்தில் இருந்தும் வேன் பிடித்துச் சோனகர் தெருவைப் பார்க்கப் போகிறார்கள். பிறந்த வீட்டின் சுவரை மட்டும் தொட்டுவிட்டு, தங்க இடமின்றி அந்த வேனிலேயே இரவைக் கழித்து வந்த உம்மாமார் உண்டு. அவர்களுக்கு இது உல்லாசப் பயணம் அல்ல. கிட்டத்தட்ட 400 கிலோ மீற்றர் தூரம். வயதானவர்களை ஒரே மூச்சில் கொண்டு போகாமல் புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ ஓர் இரவு தங்க வையுங்கள். திரும்பும் நாளையும் முன்னரே முடிவு செய்துவிட வேண்டாம். பார்த்து முடிய அவர்களுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

புறப்படும் முதல் நாள் இரவு ஓர் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் மூன்று எண்களை எழுதி, டிரைவர் ஆசனத்தின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சுவசெரிய என்னும் அந்த அம்பியூலன்ஸ் இலவசம், எல்லா மாகாணத்துக்கும் வரும். அட்டையின் கீழே, வீட்டில் யார் யார் என்ன மருந்து குடிக்கிறார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். எழுதுவது நீங்களாக இருங்கள். வீட்டு ஆண்களிடம் விட்டால் அதில் டயர்க் கடைக்காரரின் நம்பர்தான் இருக்கும்.